‘சாமி கும்பிடாட்டாலும் நல்ல மனுசன்’: அந்த ‘ஆலும்’ எதற்கு?

கல்லிடைக்காரன் | வெள்ளி, இரவு 9.12

அப்பா தவறி இன்றோடு இருபத்திரண்டு நாள். கல்லிடைக்குறிச்சியில் 1980-ல் மளிகைக் கடை போட்டவர். நாற்பது வருடத்துக்கு மேல் அதே கடை, அதே மர ஸ்டூல். சாமி கும்பிட மாட்டார். எந்தக் கட்சியிலும் இல்லை, யாரிடமும் இதைப் பற்றி வாதம் செய்ததும் இல்லை. பங்குனி உத்திரத்துக்கு அம்மாவையும் எங்களையும் சாஸ்தா கோயிலுக்கு வேன் ஏற்றிவிட்டு அவர் கடையில் உட்கார்ந்துகொள்வார். பொங்கல் கொண்டுவந்து கொடுத்தால் சாப்பிடுவார். திருநீறு நீட்டினால், “அம்மாட்ட குடுடே” என்பார். அவ்வளவுதான்.

துட்டிக்கு வந்தவர்களில் பாதிப் பேராவது ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். “சாமி கும்பிடாட்டாலும் நல்ல மனுசன்.” அன்பாகத்தான் சொன்னார்கள், யார் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த ‘ஆலும்’ உள்ளே போய்த் தைத்துவிட்டது. அவருடைய நல்லகுணம் ஏதோ விதிவிலக்கு மாதிரி, வேர் இல்லாமல் நின்ற மரம் மாதிரி.

அவர் எடை போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெல்லம் நிறுத்த தட்டில் ஒரு பிசுக்கு ஒட்டியிருக்கும். அதன் மேலேயே அடுத்த ஆளுக்குச் சீரகம் போட்டால், அந்தப் பிசுக்கின் எடையும் வாங்குகிறவர் தலையில்தான் விழும். அப்பா ஒவ்வொரு எடைக்கும் முன்னால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தட்டைத் துடைப்பார். கூட்டம் நிற்கும்போதும் துடைப்பார். கம்ப்யூட்டர் தராசு வந்த பிறகு பொட்டலத் தாளை முதலில் வைத்து, எண் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் சரக்கைக் கொட்டுவார். தாளோடு சேர்த்து நிறுப்பது பல கடைகளில் வழக்கம்தானே என்று ஒருநாள் கேட்டேன். “ராத்திரி தூக்கம் வரணும்லா” என்றார். சொர்க்கம், நரகம், பாவம், புண்ணியம் எதுவும் அந்தப் பதிலில் இல்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஒழுக்கமாக வாழ மதம் வேண்டுமா? எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். தினமும் விளக்கேற்றிக் கும்பிடப் பழக்க வேண்டும், இல்லையென்றால் பயமே இல்லாமல் வளரும் என்கிறாள் என் மனைவி. எனக்கு அப்பாவைத் தெரியும், அதனால் வேண்டாம் என்று தோன்றுகிறது. ஆனால் அப்பாவிடம் இருந்தது என்ன என்று என்னால் பெயர் சொல்ல முடியவில்லை. பெயர் தெரியாததைப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது?

வடக்குவயல் | வெள்ளி, இரவு 10.05

அண்ணாச்சிக்கு என் அஞ்சலி. சின்ன வயதில் ஆற்றில் குளித்துவிட்டு அந்தக் கடையில் கடலை மிட்டாய் வாங்கித் தின்றவன் நான்.

ஆனால் நான் உங்கள் மனைவி பக்கம். பயம் வேண்டும் தம்பி. என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

எனக்கும் எங்கள் பெரியப்பா மகனுக்கும் வரப்புத் தகராறு. ஒரு முழம் நிலம்தான். சர்வேயர் வந்தார், கல் நட்டார், ஒரு மழைக்குப் பிறகு கல் நகர்ந்திருந்தது. கோர்ட்டில் ஏழு வருடம் இழுத்தது. கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் எங்கள் இருவரையும் சுடலைமாடன் கோயிலுக்குக் கூப்பிட்டார்கள். பீடத்துக்கு முன்னால் சூடத்தை ஏற்றி, “கல்லை நகத்தலன்னா அணைச்சுச் சத்தியம் பண்ணு” என்று அவரிடம் சொன்னார்கள். ராத்திரி நேரம், காற்றில் சூடம் சாய்ந்து சாய்ந்து எரிந்தது. அவர் கையை நீட்டினார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையை இழுத்துக்கொண்டு, “நாளைக்குக் காலைல கல்லை எடுத்து வச்சிருதேன்” என்றார். வக்கீல் முன்னால் ஏழு வருடம் கூசாமல் பொய் சொன்ன ஆள்.

படிப்பும் சட்டமும் செய்யாததைச் சுடலை செய்தார். உங்கள் அப்பா போன்ற மனிதர் ஆயிரத்தில் ஒருவர். மீதி 999 பேருக்கு யாராவது பார்க்கிறார் என்ற நினைப்பு வேண்டும். நான் என்னையும் அந்த 999-ல் வைத்துத்தான் சொல்கிறேன்.

கொக்கிரகுளம் இளைஞன் | வெள்ளி, இரவு 11.31

கல்லிடைக்கார அண்ணன், உங்கள் அப்பாவிடம் இருந்ததற்குப் பெயர் மனசாட்சி. அது எந்த மதத்துக்கும் சொந்தமானது இல்லை.

வடக்குவயல் அண்ணாச்சி, நீங்கள் சொன்னது உண்மைச் சம்பவம், மறுக்கவில்லை. ஆனால் அதே ஊர்களில் அதே சுடலைக்குக் கொடைத் திருவிழா நடத்துகிறவர்கள்தான் கொடைக்கு யார் வரி கொடுக்கலாம், யார் கொடுக்கக் கூடாது என்று தீர்மானிக்கிறார்கள். அப்போது சாமி ஏன் கேட்கவில்லை? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஒரு பையனை, அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். சாதிதான் காரணம். நம் மாவட்டத்தில் கோயிலுக்குக் குறைவா, சர்ச்சுக்குக் குறைவா, பள்ளிவாசலுக்குக் குறைவா? அந்தச் சம்பவத்தை ஒட்டி அமைந்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பிள்ளைகள் கையில் கட்டுகிற வண்ணக் கயிற்றைத் தடை செய்ய வேண்டும் என்று ஓர் அரசுக் குழு எழுத வேண்டியிருக்கிறது. சாமி கயிறு என்று சொல்லிக் கட்டுகிறோம். அதன் நிறத்தைப் பார்த்தே யார் என்ன சாதி என்று பள்ளிக்கூடத்துப் பையன் சொல்லிவிடுகிறான்.

இன்னொன்று. 1981 பிப்ரவரியில் தென்காசிப் பக்கம் மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்கு மாறின. ஏன்? மரியாதைக்காக. அப்படியானால் மரியாதை இல்லாமல் நடத்துவது தப்பு என்ற அறிவு அவர்களுக்கு மதம் மாறுவதற்கு முன்பே இருந்திருக்கிறது. அந்த அறிவை வைத்துத்தான் ஒரு மதத்தை வேண்டாம் என்றார்கள், இன்னொன்றை வேண்டும் என்றார்கள். உங்கள் அப்பா கடை பாஷையில் சொன்னால், மதத்தை நிறுக்கிற படிக்கல் மதத்துக்கு வெளியே இருக்கிறது.

பாளை டீச்சர் | சனி, காலை 6.48

நான் முப்பத்திரண்டு வருடம் பாளையங்கோட்டையில் பாடம் சொல்லிக்கொடுத்தவள். ஊசிக்கோபுரத்துக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவள். அதனால் நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் தம்பி சொன்னதில் பாதியை நானே உறுதிப்படுத்துகிறேன்.

வடக்கன்குளத்தில் ஒரே கோயிலுக்குள் இரண்டு சாதியாரைப் பிரிக்கச் சுவர் வைத்திருந்தார்கள். ஒரே பீடம், ஒரே நற்கருணை, நடுவில் சுவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதை இடித்தார்கள். இடித்தவர்களும் கிறிஸ்தவர்கள், இடிக்கக் கூடாது என்று வழக்குப் போட்டவர்களும் கிறிஸ்தவர்கள். இதை நான் வெட்கத்தோடு சொல்கிறேன்.

1973-ல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் குருத்துவத்துக்குப் படித்த 40 மாணவர்களை, பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்றச் சொன்னார்கள். பாதிப் பேருக்குத் தலைப்பு ‘நல்ல சமாரியன்’. வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமி முனகுகிறார். அவர் ஆய்வுக்காக நிறுத்தப்பட்ட ஆள். யார் நின்று உதவினார்கள்? அவசரம் இல்லாதவர்களில் 63 சதவீதம் பேர். ‘நேரமாகிவிட்டது, ஓடு’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர். சமாரியன் கதையைப் பேசப் போகிறோமா, வேறு எதையாவது பேசப் போகிறோமா என்பது பெரிதாக ஒரு வித்தியாசமும் செய்யவில்லை. இதை முதன்முதலாகப் படித்த இரவு எனக்குத் தூக்கம் போய்விட்டது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை நான் சண்டே ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது என்று யாரையெல்லாம் தாண்டி ஓடியிருப்பேன்!

ஆனால் அந்த உவமையைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்து விலகிப் போனவர்கள் ஆசாரியனும் லேவியனும், இரண்டு பேரும் யூதக் கோயில் ஊழியக்காரர்கள். நின்றவன் சமாரியன். கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்துக்கு அவன் தீண்டத்தகாத வேற்று மார்க்கத்தான். நல்லவனுக்கு உதாரணம் காட்ட வேண்டிய இடத்தில் இயேசு தம் மதத்து ஆளை நிறுத்தவில்லையே. கல்லிடைக்காரத் தம்பி, உங்கள் அப்பாவைப் பற்றி என்னிடம் யாராவது ‘சாமி கும்பிடாட்டாலும்’ என்றால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

அதே சமயம், 1901-லிருந்து டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் பெண்பிள்ளைகளை எடுத்து வளர்த்ததும், நூறு வருடத்துக்கு மேலாகப் பாளையில் காது கேளாத பிள்ளைகளுக்கும் கண் தெரியாத பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் நடப்பதும் விசுவாசத்தால்தான். விசுவாசம் ஒருவரை நல்லவராக்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே உள்ள நல்லெண்ணத்தை அடுத்த தலைமுறைக்கும் கைமாற்றுகிற ஏற்பாடாக அது இருக்கிறது. தனிமனிதர் இறந்ததும் அவருடைய நல்லகுணம் அவரோடு போய்விடுகிறதே, அதுதான் உங்கள் கேள்வியின் அடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மேலப்பாளையம் பாய் | சனி, காலை 11.20

டீச்சரம்மா சொன்ன கடைசி விஷயத்தைப் பிடித்துக்கொண்டு நானும் ஒரு கடைக்காரனாகப் பேசுகிறேன்.

குர்ஆனில் 83-ஆவது அத்தியாயம் அளவையில் மோசடி செய்பவர்களைப் பற்றியே தொடங்குகிறது. தனக்கு வாங்கும்போது நிறைய அளந்து வாங்குவான், பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பான், அவனுக்குக் கேடுதான் என்று. என் வாப்பா இதை ஓதிக் காட்டித்தான் என்னைத் தராசு பிடிக்கவிட்டார். இவ்வளவு தெரிந்த எனக்கே, நோன்பு மாதத்துக் கூட்டத்தில் தட்டைத் துடைக்க வேண்டும் என்று தோன்றியதில்லை. உங்கள் அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. நேற்று இதைப் படித்த பிறகு இன்று காலை ஒரு துண்டை எடுத்துத் தராசுப் பக்கம் வைத்தேன்.

மதம் எனக்கு என்ன செய்கிறது? தேதி குறித்துக் கொடுக்கிறது. கையில் வரம்புக்கு மேல் ஒரு வருடம் தங்கிய சேமிப்பில் நூற்றுக்கு இரண்டரை ஜகாத். கொடுக்க வேண்டும் என்ற இரக்கம் எல்லோருக்கும் வரும். ஆனால் வியாபாரிக்கு இன்றைக்கு வேண்டாம், அடுத்த லோடு இறங்கட்டும் என்று தள்ளிப்போட ஆயிரம் காரணம் கிடைக்கும். தேதியும் கணக்கும் இல்லாத இரக்கம் என் மாதிரி ஆளிடம் வட்டிக்குப் போய்விடும். அந்த வகையில் எனக்கு மதம் வேண்டும். எல்லோருக்கும் வேண்டுமா என்றால், அதைச் சொல்ல நான் யார்?

நிழல்தாங்கல் | சனி, மதியம் 2.02

நாங்கள் அய்யா வழி. அய்யா வைகுண்டரைக் கும்பிடுகிற இடமான தாங்கலுக்கு வந்து பாருங்கள். உள்ளே சிலை கிடையாது, கண்ணாடிதான். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்தில் எங்கள் மக்கள் தலைப்பாகை கட்டக் கூடாது என்று தடை இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் தலைப்பாகையோடு நம் முகத்தையே பார்த்துக் கும்பிடுகிறோம். ‘தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம்’, எங்களுக்கு இந்த ஒரு வரி போதும். இதை மதம் என்பீர்களோ மனசாட்சி என்பீர்களோ, கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறவனுக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை.

கல்லிடைக்காரன் | ஞாயிறு, இரவு 8.37

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன், ஆனால் இன்று வேறொன்று நடந்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் ஒரு ஆச்சி வீட்டுக்கு வந்தாள். எழுபத்தைந்து வயது இருக்கும். ஆற்றங்கரைத் தெருவில் மகளோடு இருக்கிறாளாம். எனக்கு முகமே நினைவில்லை. அப்பா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாய் மடித்த நோட்டுகளை எடுத்து என் கையில் வைத்தாள். 343 ரூபாய்.

“அண்ணாச்சிக்குத் தரவேண்டியது. 342 ரூவா அம்பது காசு. அம்பது காசு உம்மகிட்டயே இருக்கட்டும் ராசா.”

எப்போது வாங்கியது என்றால், 1992 வெள்ளத்துக்கு முந்திய மாசம் என்கிறாள். அந்த நவம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது அவள் வீடு மண்சுவரோடு போய்விட்டது. கடனைத் திருப்ப வழியில்லை. அப்பா முகத்தில் விழிக்கக் கூசி அதற்குப் பிறகு வேறு கடைக்குப் போய்விட்டாள். எங்கள் கடை வழியாகவே வருவதில்லையாம், பின் தெரு வழியாகச் சுற்றித்தான் ஆற்றுக்குப் போவாளாம். முப்பது வருடமாக! “கடனோட போனா அங்க போயி நிக்கும்போ என்னத்தச் சொல்லுவேன்? சாமி கேக்காதா?” என்றாள்.

அவள் போன பிறகு பரணில் இருந்த பழைய பற்று நோட்டுகளை இறக்கினேன். கரையான் அரித்தது போக மீதி இருந்தது. 1992 நோட்டு கிடைத்தது. அவள் பக்கமும் இருந்தது. 342.50. காசு சுத்தமாக அவள் சொன்ன கணக்கு. அதன் குறுக்கே அப்பா நீலப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் ‘வெள்ளம்’ என்று எழுதியிருக்கிறார். அந்த மாதிரி பதினொரு பக்கம் இருக்கிறது. அந்த வருடம் கடைக்குள்ளும் தண்ணீர் வந்து அரிசி மூட்டையெல்லாம் ஊறிப்போனது, அம்மா வளையலை வைத்துத்தான் மறுபடி சரக்கு எடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சமயத்தில் பதினொரு பேர் கணக்கை அடித்திருக்கிறார்.

சாமி இல்லாமலே ஒருவர் கணக்கை அடித்துவிட்டார். சாமி கேட்கும் என்று ஒருத்தி முப்பது வருடம் அதே கணக்கை மனதில் வைத்திருந்தாள். என்னிடம் இப்போது 343 ரூபாய் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

வில்லடி | ஞாயிறு, இரவு 10.50

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை தம்பி.

நான் வில்லுப்பாட்டுக் குழுவில் பின்பாட்டுப் பாடுகிறவன். உங்கள் கேள்வி வந்த முதல் நாளிலிருந்தே முத்துப்பட்டன் கதைதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றுச் சொரிமுத்தையன் கோயிலுக்குப் போனவர்கள் பட்டவராயன் சன்னிதியைப் பார்த்திருப்பீர்கள். அங்கே காணிக்கை என்ன தெரியுமா? செருப்பு. தோல் செருப்பை மரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். ஊரெல்லாம் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுச் சாமி கும்பிடுகிறது, இங்கே செருப்பையே சாமிக்குக் கொடுக்கிறது.

பட்டன் பிராமணன். காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு சக்கிலியப் பெண்களைப் பார்த்துக் காதலித்துப் பெண் கேட்கிறான். அவர்கள் அப்பன் வாலப்பகடை சொல்கிறான், ‘எங்களைப் போல் ஆகிவிட்டு வந்து கேள்’ என்று. பூணூலை அறுத்தான், குடுமியை எடுத்தான், செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டான். மாமனார் கிடையின் மாட்டைத் திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தான். பெண்கள் இரண்டு பேரும் அவன் சிதையில் விழுந்தார்கள்.

நன்றாகக் கவனியுங்கள். அவன் பிறந்த ஆசாரப்படி அவன் செய்தது அத்தனையும் பாவம். ஆசாரத்தை விட்டு வெளியே போய்ச் சரி என்று பட்டதைச் செய்தான். ஆனால் கதை அதோடு நிற்கவில்லையே. ஜனங்கள் அவனை விட்டுவிடவில்லை, கொண்டுவந்து தெய்வமாக்கி, ஆடி அமாவாசைக்கு மலையேறிப் போய்ச் செருப்புக் கொடுக்கிறார்கள். இசக்கியம்மன் கதைகளும் பெரும்பாலும் இப்படித்தான், அநியாயமாகச் செத்த பெண்ணைச் சாமியாக்கிக் கும்பிடுகிறோம். நம் சீமையில் நியாயம் முன்னால் போகிறது, சாமி பின்னால் வருகிறது. சாமி ஆனால்தான் அந்த நியாயம் மறந்துபோகாமல் இருக்கும் என்று நம் ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னும் பழைய சாட்சி வேண்டுமென்றால், பொதிகைமலைச் சீமையை ஆண்ட ஆய் அண்டிரன். ‘இம்மைச் செய்தது மறுமைக்கு ஆமெனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்’ என்று முடமோசியார் புறநானூற்றில் பாடினார். இங்கே செய்தால் அங்கே கிடைக்கும் என்று அறத்தை விலைக்கு விற்கிற வியாபாரி இல்லை அவன், சான்றோர் போன வழி என்பதால் கொடுத்தான் என்கிறது பாட்டு. அறவிலை வணிகன்! இந்தச் சொல்லை நம் ஊர்க் காற்றிலேயே இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் சொல்லிவிட்டார்கள். உங்கள் அப்பாவும் வணிகர்தான், ஆனால் அறவிலை வணிகர் இல்லை.

ஐகிரவுண்டு சிஸ்டர் | திங்கள், அதிகாலை 3.15

நைட் டியூட்டியில் இருந்து எழுதுகிறேன், சுருக்கமாக.

பத்தொன்பது வருடமாக நர்ஸ். கடைசி நேரத்தில் ஆட்கள் என்ன கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சாமி பெயர் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் அதிகம் கேட்பது ஆட்களைத்தான். ‘எந்தம்பி வந்தானா?’ ‘அவகிட்ட சொல்லுங்க, எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லன்னு.’ போன மாதம் ஒரு தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே நாலு தடவை சொன்னார். அந்த ‘அவ’ யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஒன்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணா. உங்கள் அப்பா கணக்கை அடித்தது பெரிய விஷயம். ஆனால் அடித்துவிட்டேன் என்று அந்த ஆச்சியிடம் சொல்லவில்லையே. அவள் முப்பது வருடம் பின் தெருவில் நடந்தாளே.

கல்லிடைக்காரன் | திங்கள், காலை 7.30

சிஸ்டர், தப்பாக எடுக்கவில்லை. ராத்திரி முழுக்க எனக்கும் அதே நினைப்புதான். சொல்லிக்காட்டுவது அசிங்கம் என்று அப்பா நினைத்திருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான். ஆனால் அவர் வாயைத் திறக்காததன் எடை அவள் தலையில் விழுந்திருக்கிறது. தட்டைத் துடைக்கத் தெரிந்தவருக்கு இது தெரியாமல் போய்விட்டது.

பாளை டீச்சர் | திங்கள், காலை 8.10

தம்பி, அவர் மேல் வருத்தப்படாதீர்கள். ஆனால் சிஸ்டர் தொட்ட இடம்தான் சரியான இடம்.

நாங்கள் தினமும் சொல்லும் ஜெபத்தில் ஒரு வரி உண்டு. ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்.’ ஐம்பது வருடமாகச் சொல்கிறேன், கடன் என்றால் பாவம் என்றே நினைத்துச் சொல்லிவந்தேன். நேற்று உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் அது மளிகைக் கடைக் கடனும்தான் என்று உறைத்தது. அதை நாங்கள் மனதுக்குள் சொல்வதில்லை. எல்லோரும் கூடி நின்று வாய்விட்டுச் சொல்கிறோம். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே வரிசையில் நின்று சொல்கிற மாதிரி ஒரு இடம் உங்கள் அப்பாவுக்கும் அந்த ஆச்சிக்கும் இல்லாமல் போயிற்று.

மேலப்பாளையம் பாய் | திங்கள், காலை 10.44

எங்களுக்கும் உண்டு டீச்சரம்மா. கடன்பட்டவன் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடு, தள்ளுபடி செய்தால் அது உனக்கு இன்னும் நல்லது என்று குர்ஆன் இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது. தள்ளுபடி செய்தால் ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது வாப்பா வழக்கம். “ஹலாலாக்கிட்டேன்” என்பார். அந்த ஒரு வார்த்தை கேட்டதும் எதிரில் நிற்பவர் தோள் இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

கொக்கிரகுளம் இளைஞன் | திங்கள், மாலை 6.20

நான் வெள்ளிக்கிழமை எழுதியதில் ஒன்றையும் திரும்ப எடுக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நானும் தண்ணீரில் இறங்கி வேலை செய்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நாட்கள். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. சுற்றிலும் தண்ணீர். பக்கத்து ஊர் ஜனங்கள் தங்கள் வீட்டிலேயே தண்ணீர் புகுந்த நிலையில் அரிசி திரட்டிச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அப்போது நாங்கள் படகுக்கும் பாலுக்கும் ஆள் திரட்டப் பட்ட பாடு எனக்குத் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேர் இருந்தும் அடுப்பு எங்கே மூட்டுவது என்று முடிவு செய்ய அரை நாள் ஆனது. கோயில் கொடைக்குச் சமைத்துப் பழகிய ஊரில் பெரிய அண்டா எங்கே இருக்கிறது, யார் அரிசி களைவார், யார் விறகு கொண்டுவருவார் என்பது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். பள்ளிவாசலிலும் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற ஏற்பாடு தயாராக இருந்தது. நாங்கள் கடைசியில் பள்ளிவாசல் அண்டாவைத்தான் கடன் வாங்கினோம்.

நல்லது எது என்று தெரிந்துகொள்ள மதம் வேண்டாம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய சமணர்களும் உலகத்தைப் படைத்த கடவுள் என்று ஒருவரை ஏற்காமல்தான் கொல்லாமையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் அவர்களுக்கும் பள்ளி இருந்தது, குரத்தியார் என்று பெண் ஆசிரியர்கள் இருந்தார்கள். எங்களிடம் அண்டா இல்லை. சாமி இல்லாதவர்களும் அண்டா வாங்கி வைக்க வேண்டும். யார் யார் தோள் கொடுப்பார்கள் என்று வெள்ளம் வருவதற்கு முன்பே ஒருவருக்கொருவர் தெரிந்திருக்க வேண்டும்.

வடக்குவயல் | திங்கள், இரவு 9.05

தம்பி, அண்டா வாங்கினால் சொல். என் பங்கு உண்டு.

கல்லிடைக்காரரே, நான் பயம் பயம் என்று எழுதினேன். ஆச்சி கணக்கை மறக்காதது பயத்தால்தான் என்பதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் பின் தெரு வழியாக நடக்க வைத்ததும் அதே பயம்தான் என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. பணத்தை நீங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது, திருப்பிக் கொடுத்தால் ஆச்சியும் வாங்க மாட்டாள். நோட்டை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள்.

கல்லிடைக்காரன் | புதன், இரவு 9.40

போனேன். மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஆச்சிக்கு எழுத்து தெரியாது. நோட்டைத் திண்ணையில் விரித்து, இதுதான் உங்கள் பக்கம், இதுதான் அப்பா போட்ட கோடு, அந்த வருடமே அடித்துவிட்டார் என்று சொன்னேன். நீலக் கோட்டின் மேல் விரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் ஒருமுறை தடவினாள். “அடிச்சிட்டாவளா?” என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், “அப்பமே அடிச்சிட்டாவளா?” அழவில்லை. என் மகள்தான் அழுதாள்.

சொல்லாமல் விட்டதற்கு அப்பா சார்பில் மன்னிப்புக் கேட்டேன். “அவுக சொல்லியிருந்தா நான் ஒத்திருக்க மாட்டேன், சண்டைக்குப் போயிருப்பேன்” என்றாள். அதுவும் உண்மையாக இருக்கலாம். பணத்தை வாங்கவே மாட்டேன் என்றுவிட்டாள். கடைசியில் இசக்கி கோயில் விளக்குக்கு எண்ணெயாகக் கொடுத்துவிடு என்றாள். 343 ரூபாய்க்கும் எங்கள் கடையில் நல்லெண்ணெய் அளந்து கொண்டுபோய்க் கொடுத்தோம். ஆச்சியும் கூடவே வந்தாள், எங்கள் கடை வழியாகவே. உள்ளே போகவா வேண்டாமா என்று மகள் என் முகத்தைப் பார்த்தாள். உன் இஷ்டம் என்றேன். ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் வாசலில் நின்றேன்.

மனைவியிடம் பேசிவிட்டேன். விளக்கு அவள் ஏற்றட்டும், பிள்ளையும் கூட இருக்கட்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் கடையில் என்னோடு இருக்க வேண்டும், அது என் பங்கு. துண்டு ஒன்று அவளுக்கும் வாங்கியாயிற்று.

நோட்டில் இன்னும் பத்துப் பக்கம் இருக்கிறது. நாலு பேர் தவறிவிட்டார்கள், அவர்கள் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் அம்பாசமுத்திரத்துக்குக் குடிபோனதாகச் சொல்கிறார்கள், ஒருவர் சுரண்டைப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு விட்டுவிட்டு நானும் மகளும் கிளம்புகிறோம்.